மூன்று வயிறுகளின் வரலாறு: அடிமை மருத்துவர் குவாசியை முன்வைத்து



மருத்துவம் யாருடைய அறிவு என்ற கேள்வி நமக்குப் புதிதல்ல. அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவம் பார்த்தவர். பிரசவம் பார்த்த மருத்துவச்சிகளும் காயத்துக்குக் கட்டுப்போட்ட கைகளும் நம் சேரிகளிலும் நாவிதர் குடிகளிலும்தான் இருந்தன. அந்தக் கைகள் தொட்டுப் பிழைத்த உடம்பே, பிழைத்தபின் அவற்றைத் தீட்டு என்றது. இன்று அதே கேள்வியோடு இன்னொன்றையும் சேர்த்துக் கேட்க விரும்புகிறோம். யாருடைய வலி நோய் என்று ஏற்கப்பட்டது? யாருடைய வலி குற்றம் என்று தண்டிக்கப்பட்டது?

இதைப் பேச 18ஆம் நூற்றாண்டின் சுரினாமுக்குப் போக வேண்டும். சாதி இல்லாத ஊர் அது. ஆனால் ஒரு மனிதனை இன்னொரு மனிதனின் உடைமையாக்கும் ஏற்பாடு அங்கே சட்டமாகவே இருந்தது. அங்கே வாழ்ந்த ஓர் அடிமை மருத்துவரின் கதையை வயிற்றின் கதையாகச் சொல்லப் போகிறோம். தமிழில் வயிறு என்ற சொல் இரைப்பையையும் குறிக்கும், கருப்பையையும் குறிக்கும். "வயிற்றுப் பிழைப்பு" என்றும் சொல்கிறோம், "வயிற்றுப் பிள்ளை" என்றும் சொல்கிறோம். அந்தச் சொல் நமக்கு இங்கே மிகவும் பயன்படும்.

கரும்பின் நாடு

சுரினாம் தென்னமெரிக்காவின் வடகரையில் இருக்கிறது. ஆங்கிலேயர் தொடங்கிய குடியேற்றம் 1667இல் டச்சுக்காரர் கைக்குப் போனது. ஆற்றோரச் சதுப்பு நிலங்களில் வரப்பு கட்டி, வாய்க்கால் வெட்டி, கரும்பும் காப்பியும் பயிரிட்டார்கள். வெட்டியவர்களும் கட்டியவர்களும் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்ட அடிமைகள். அடிமை வணிகம் நடந்த காலம் முழுவதிலும் இப்படி வந்திறங்கியவர்கள் ஏறத்தாழ 2 லட்சம் பேர். 1863 ஜூலை 1ஆம் தேதி அடிமை முறை ஒழிக்கப்பட்டபோது விடுதலை பெற்றவர்கள் சுமார் 34,000 பேர்தான். தலைமுறை தலைமுறையாகப் பெருகியிருக்க வேண்டிய மக்கள்தொகை இப்படிச் சுருங்கியிருக்கிறது. சிலர் காட்டுக்குத் தப்பினார்கள், சிலர் இடையில் விடுதலை பெற்றார்கள். பெரும்பாலோரைத் தோட்டம் தின்றுவிட்டது. விடுதலை நாளில் ஓர் அடிமைக்கு 300 கில்டர் வீதம் நட்டஈடு வழங்கப்பட்டது. அது போய்ச் சேர்ந்தது ஆண்டைகளுக்கு.

முதல் வயிறு: ஆண்டையின் செரியாமை

இந்த நாட்டுக்குச் சிறுவனாகக் கொண்டுவரப்பட்டவர் குவாசி. 1690கள் வாக்கில் மேற்கு ஆப்பிரிக்காவின் கினிக் கரையில் பிறந்தவர். அக்கான் மொழி பேசும் மக்களிடையே, பிறந்த கிழமையையே பிள்ளைக்குப் பெயராக வைக்கும் வழக்கம் உண்டு. குவாசி என்றால் ஞாயிற்றுக்கிழமை பிறந்த ஆண்பிள்ளை. அவர் தோட்டத்து அடிமையாக வளர்ந்து, நோய் தீர்ப்பவராகவும் குறி சொல்பவராகவும் பெயரெடுத்தார். அடிமைகள் அவரிடம் போனார்கள். பிறகு ஆண்டைகளும் போனார்கள்.

ஐரோப்பியருக்கு அந்தச் சதுப்பு நிலம் ஒத்துக்கொள்ளவில்லை. விட்டு விட்டு வரும் முறைக்காய்ச்சல் அவர்களைப் பிடித்தது. காய்ச்சல் போனபிறகும் வயிறு நேராகவில்லை. பசி எடுக்காது, உண்டது செரிக்காது, மந்தமும் குமட்டலும் மாதக்கணக்கில் நீளும். அன்றைய ஐரோப்பிய மருத்துவரிடம் இதற்கு இருந்த வழிகள் இரத்தம் வடிப்பது, பேதிக்குக் கொடுப்பது, வாந்தி எடுக்க வைப்பது. மெலிந்தவனை மேலும் மெலிய வைக்கும் வழிகள் இவை. பெரு நாட்டிலிருந்து வந்த சின்கோனாப் பட்டை காய்ச்சலுக்குக் கேட்கும்தான், ஆனால் விலை அதிகம்.

1730 வாக்கில் குவாசி கொடுத்த மருந்து வேறு மாதிரி இருந்தது. சிவந்த பூ பூக்கும் ஒரு சிறு மரம். அதன் கட்டையும் வேரும் பட்டையும் கடுங்கசப்பு. சீவல்களாக்கித் தண்ணீரில் ஊறவைத்து, அந்த ஊறல் நீரைக் குடிக்கக் கொடுப்பார். காய்ச்சல் தணியும், பசி எடுக்கும், குடலில் உள்ள பூச்சிக்கும் கேட்கும். கசப்பு நாக்கில் பட்டவுடன் உமிழ்நீரும் செரிமான நீரும் சுரக்கத் தொடங்குவதுதான் இதன் செயல்முறை என்று பின்னாளில் விளக்கினார்கள். நிலவேம்பையும் வேப்பங்கொழுந்தையும் அறிந்த நமக்கு இந்த விளக்கம் வியப்பாக இராது. கசப்பு வயிற்றுக்கு நல்லது என்று நம் கிழவிகள் எந்த நூலையும் படிக்காமலே சொல்லியிருக்கிறார்கள்.

மருந்து பரவியது. ஆண்டைகள் மதித்தார்கள். 1755இல் லின்னேயசின் மாணவர் டேனியல் ரோலாண்டர் சுரினாமுக்கு வந்தார். அங்கே தோட்டம் வைத்திருந்த ஸ்வீடன்காரர் கார்ல் குஸ்தாவ் டால்பெர்க் 1761இல் அந்த மரத்தின் மாதிரியை லின்னேயசிடம் சேர்த்தார். லின்னேயஸ் அதற்கு குவாசியா அமாரா என்று பெயரிட்டார். அமாரா என்றால் கசப்பானது. 1763இல் அவருடைய மேற்பார்வையில் இந்தக் கட்டையைப் பற்றியே ஓர் ஆய்வுரை வெளிவந்தது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் லண்டன் மருந்துநூலில் குவாசியா இடம்பிடித்தது. ஐரோப்பியப் பிரபுக்களின் செரியாமைக்குச் சுரினாம் கட்டை கப்பலில் போனது.

ஓர் அடிமையின் பெயர் உலகத் தாவர அறிவியலில் நிலைத்துவிட்டது. கொண்டாடலாம். ஆனால் கொண்டாடுவதற்கு முன் இன்னொரு நூலையும் திறந்து பார்ப்போம். 1758இல் வந்த தன் 'சிஸ்டமா நேச்சுரே' பத்தாம் பதிப்பில் இதே லின்னேயஸ் மனிதர்களை நான்கு வகையாகப் பிரித்தார். ஐரோப்பியர் கூர்மதியினர், சட்டத்தால் ஆளப்படுபவர் என்று எழுதினார். ஆப்பிரிக்கர் சோம்பேறிகள், மனம்போன போக்கால் ஆளப்படுபவர் என்று எழுதினார். ஐந்து ஆண்டு இடைவெளியில், ஒரே கை ஆப்பிரிக்கரைக் கடைசி வரிசையில் வைத்தது, ஓர் ஆப்பிரிக்கரின் பெயரை மரத்துக்கும் வைத்தது. அந்தக் கைக்கு இதில் முரண்பாடு தெரியவில்லை. விதிவிலக்கு ஒருவரைப் பாராட்டுவதால் விதி தளர்ந்துவிடாது என்பது நமக்கும் அனுபவம்தான். "உங்காளுங்கள்ல நீங்க வேற மாதிரி" என்ற பாராட்டைக் கேட்காதவர் இந்த அவையில் இருக்க மாட்டார்.

இரண்டாம் வயிறு: அடிமையின் நோய்

இனி அதே காலத்தின் இன்னொரு வயிற்று நோய்க்கு வருவோம். கரீபியன் தோட்டங்களில் அடிமைகளுக்கு ஒரு நாள்பட்ட நோய் வந்தது. பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அதை 'மால் தெஸ்தோமா', அதாவது வயிற்றுக் கோளாறு என்றார்கள். உடல் வெளுக்கும், முகமும் காலும் வீங்கும், நாலடி நடந்தால் மூச்சு வாங்கும், வயிறு வலிக்கும். கூடவே மண் தின்னும் ஆசை வரும். களிமண், சுவர் மண், சுண்ணாம்பு என்று கைக்குக் கிடைத்ததைத் தின்பார்கள். மாதக்கணக்கில் இழுத்து இறந்துபோவார்கள்.

ஆண்டையின் செரியாமையைப் பார்த்த மருத்துவர்கள் அவனுடைய நாக்கைப் பார்த்தார்கள், நாடி பிடித்தார்கள், மருந்து தேடினார்கள். அடிமையின் வயிற்று நோயைப் பார்த்தவர்கள் பலர் அவருடைய நடத்தையைப் பார்த்தார்கள். வேலைக்குப் பயந்த சோம்பல் என்றார்கள். மந்திரவாதத்துக்கு அஞ்சிய மனநோய் என்றார்கள். ஆண்டைக்கு நட்டம் உண்டாக்க வேண்டுமென்றே செய்யும் தற்கொலை என்றும் சொன்னார்கள். மருத்துவமும் அதற்கேற்ப அமைந்தது. மண் தின்னாதபடி வாயை மூடித் தகர முகமூடி மாட்டிப் பூட்டுவது, சவுக்கடி. நோயாளி குற்றவாளி ஆனார், மருத்துவர் காவலர் ஆனார்.

எல்லா மருத்துவரும் ஒன்றுபோலச் சொல்லவில்லை. பிரெஞ்சு மருத்துவர் டாசில் 1776இல் கறுப்பின அடிமைகளின் நோய்களைப் பற்றி ஒரு நூலே எழுதினார். நல்ல உணவு இல்லாமை, உடை இல்லாமை, அளவுமீறிய உழைப்பு ஆகியவையே இவர்களின் நோய்களுக்குக் காரணம் என்றார். உண்மையைப் பார்த்திருக்கிறார். ஆனால் அந்த உண்மை யாருக்காக எழுதப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். அடிமை செத்தால் குடியேற்றத்துக்கு நட்டம் என்ற கணக்குக்குள் நின்றுதான் அந்த அக்கறை பேசியது. அடிமை முறையே நோய் என்று அது சொல்லவில்லை.

இந்த நோயின் பெரும்பகுதிக்கு இன்று நாம் தரும் விளக்கம் கொக்கிப்புழு. 1838இல் இத்தாலிய மருத்துவர் டூபினி, மிலான் நகரில் இறந்துபோன ஓர் ஏழைப் பெண்ணின் குடலில் இந்தப் புழுவைக் கண்டார். இதன் குஞ்சுகள் மலம் கலந்த ஈரமண்ணில் வளரும். வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போகும். நுரையீரல் வழியாகத் தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு, சிறுகுடலில் பற்றிக்கொண்டு இரத்தம் குடிக்கும். இரும்புச்சத்து வற்றும், இரத்தசோகை முற்றும். மண் தின்னும் ஆசை இந்தச் சோகையோடு சேர்ந்து வருவது. பசியும் சத்தற்ற கூழும் நோயை விரைவுபடுத்தும். ஆக, முகமூடி மாட்டப்பட்ட அந்த வாய்க்கு இரும்புச்சத்தும் சோறும் தேவைப்பட்டன. காலுக்குச் செருப்பும், குடியிருப்புக்குக் கழிப்பறையும் தேவைப்பட்டன. இவை நான்கையும் மறுத்தவன் ஆண்டை. தண்டனை பெற்றவர் நோயாளி.

இது தூரதேசத்துக் கதை என்று நாம் விட்டுவிட முடியாது. 1916இல் ராக்கஃபெல்லர் நிறுவனத்தின் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் இலங்கையின் பெருந்தோட்டங்களுக்கு வந்தது. அந்த லயங்களில் இருந்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து போன நம் மக்கள். பள்ளர், பறையர், அருந்ததியர் அவர்களில் பெருந்தொகையினர். தேயிலைக்கும் ரப்பருக்கும் இடையே வெறுங்காலோடு நடந்தவர்கள். மாத்திரை கொடுத்துப் புழுவை வெளியேற்றலாம், கழிப்பறை கட்டாவிட்டால் அதே மண் மறுபடியும் புழுவைத் தரும் என்பது அந்த இயக்கத்தாருக்குத் தெரிந்தே இருந்தது. கழிப்பறைக்குப் பணம் செலவழிக்கத் தோட்டத் துரைமார் தயங்கினார்கள். கூலிகளின் பழக்கவழக்கம் சரியில்லை என்ற பேச்சு எழுந்தது. சுரினாமின் காலத்திலிருந்து நூறாண்டுக்கும் மேல் கடந்து, கண்டம் மாறி, மொழி மாறி வந்தும் வாதம் மாறவில்லை. நோய்க்குக் காரணம் மண்ணிலும் கூலியிலும் இருக்க, பழி உடம்பின் மேலும் பண்பாட்டின் மேலும் விழுந்தது. "அவங்க சுத்தமா இருக்க மாட்டாங்க" என்று இன்றும் பேசும் மருத்துவமனை வராந்தாக்களை நாம் அறிவோம்.

மூன்றாம் வயிறு: கொண்டுபோகப்படாத அறிவு

மரியா சிபில்லா மெரியன் 1699 முதல் 1701 வரை சுரினாமில் தங்கிப் பூச்சிகளையும் செடிகளையும் வரைந்த ஐரோப்பியப் பெண். 1705இல் வெளிவந்த அவருடைய நூலில் மயில்கொன்றையின் படம் இருக்கிறது. நம் கோயில் நந்தவனங்களிலும் பள்ளிக்கூட வேலியோரங்களிலும் பூக்கும் அதே மயில்கொன்றை. அந்தச் செடியைப் பற்றி எழுதும்போது மெரியன் ஒரு செய்தியைப் பதிவு செய்கிறார். தங்கள் பிள்ளைகள் அடிமைகளாகப் பிறக்கக் கூடாது என்பதற்காக, மண்ணின் பூர்வகுடிப் பெண்களும் ஆப்பிரிக்க அடிமைப் பெண்களும் இதன் விதைகளை உண்டு கருவைக் கலைத்தார்கள் என்பது அந்தச் செய்தி. அந்தப் பெண்களே தம்மிடம் சொன்னதாக அவர் எழுதுகிறார்.

மயில்கொன்றை அழகுச் செடியாக ஐரோப்பியத் தோட்டங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தப் பெண்களின் அறிவு போகவில்லை. வரலாற்றாய்வாளர் லோண்டா ஷீபிங்கர் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். ஆண்டையின் வயிற்றைச் சரிசெய்யும் கட்டைக்கு மருந்துநூலில் இடம் கிடைத்தது. ஆண்டையின் உடைமை பெருகாமல் தடுத்த விதைக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. எந்த அறிவு அறிவியலாகும், எது புதைக்கப்படும் என்பதை உண்மை மட்டும் தீர்மானிப்பதில்லை, தேவையும் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நமக்கு வேண்டாம். நம் மருத்துவச்சிகளின் அறிவு ஏன் ஏடேறவில்லை என்ற கேள்வியையும் இதன் பக்கத்தில் வைத்து யோசிக்க வேண்டும்.

மார்புத் தகடு

இப்போது குவாசியிடம் திரும்புவோம். இதுவரை சொன்னதை வைத்து அவரை ஒரு நாயகராக நிறுத்திவிட்டு நாம் கலைந்துபோகலாம். வரலாறு அதற்கு இடம் தரவில்லை.

1730இல், மரத்தின் புகழ் பரவத் தொடங்கிய அதே காலத்தில், குடியேற்ற நிர்வாகம் குவாசிக்கு ஒரு தங்க மார்புத் தகடு வழங்கியது. வெள்ளையருக்கு விசுவாசமானவர் என்று அதில் பொறித்திருந்தார்கள். தோட்டத்திலிருந்து தப்பிக் காட்டுக்குள் போய்த் தனிச் சமூகங்களாக வாழ்ந்த மக்களைத் தேடிப் பிடிக்கும் படைகளுக்குக் குவாசி உளவும் வழியும் சொன்னார். பேச்சுவார்த்தைக்கும் போனார். 1755 வாக்கில் விடுதலை பெற்றார். பிறகு தாமே அடிமைகளை வைத்திருந்தார். காட்டு மக்களோடு போரிடத் திரட்டப்பட்ட கறுப்பினப் படையினருக்குத் தாயத்து விற்றார். 1776இல் நெதர்லாந்துக்குப் போய் ஆரஞ்சு இளவரசர் ஐந்தாம் வில்லியமைச் சந்தித்து, சரிகை அங்கியும் பரிசுகளும் பெற்றுத் திரும்பினார். அந்த அங்கியோடு அவர் நிற்கும் உருவத்தைச் சுரினாமில் படையதிகாரியாக இருந்த ஸ்டெட்மன் வரைந்தார். ஸ்டெட்மனின் 1796ஆம் ஆண்டு நூலில் அது அச்சானது. அதைச் செப்புத் தகட்டில் செதுக்கியவர் கவிஞர் வில்லியம் பிளேக். 1787இல், தொண்ணூறைத் தாண்டிய வயதில் குவாசி இறந்தார்.

இது ஏடுகளில் உள்ள குவாசி. காட்டுக்குத் தப்பியவர்களின் வழிவந்த சரமகா மக்களிடம் வேறொரு குவாசி இருக்கிறார். மானிடவியலாளர் ரிச்சர்ட் பிரைஸ் அவர்களின் வாய்மொழி வரலாறுகளைத் திரட்டி 1983இல் நூலாக்கினார். அதில் அவர் பெயர் குவாசிமுகாம்பா. தப்பிவந்தவர் போல வந்து, உடன் உண்டு, நட்பாகி, காட்டு மக்களின் இரகசியங்களை அறிந்துகொண்டு ஓடிப்போய், வெள்ளையர் படையோடு திரும்பி வந்தவர். சரமகாக்கள் அவரைப் பிடித்து, காதை அறுத்து அனுப்பினார்கள் என்கிறது அந்த வாய்மொழி. 1762இல் டச்சு அரசு சரமகாக்களோடு உடன்படிக்கை செய்து அவர்களின் விடுதலையை ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. லின்னேயஸ் மரத்துக்குக் குவாசி பெயரை வைத்ததும் ஏறத்தாழ அதே நேரத்தில்தான்.

ஒரே மனிதரின் பெயரை ஐரோப்பா மரத்தில் பொறித்தது, அவரால் பாதிக்கப்பட்ட மக்கள் எச்சரிக்கையாகத் தம் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தார்கள். இரண்டும் வரலாறு. நாம் எதை எடுத்துக்கொள்வது?

இரண்டையும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே நம் நிலைப்பாடு. குவாசியின் மருத்துவ அறிவு உண்மையானது. அதை மறுத்தால், அடிமைக்கு அறிவு இருக்க முடியாது என்ற லின்னேயசின் வகைப்பாட்டுக்கு நாமும் கையெழுத்துப் போடுகிறோம். குவாசியின் துரோகமும் உண்மையானது. அதை மறைத்தால், சங்கிலியை அறுத்துக்கொண்டு சதுப்பு நிலத்தில் ஓடிய பெயர் தெரியாத மனிதர்களுக்கு நாம் இரண்டாம் முறை துரோகம் செய்கிறோம். அவரை அந்த இடத்துக்குத் தள்ளிய ஏற்பாட்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஆயிரக்கணக்கானோருக்கு மூடியிருந்த வாசல் ஒருவருக்கு மட்டும் திறந்தது. அதற்குக் கேட்கப்பட்ட விலை மற்றவர்களைக் காட்டிக்கொடுப்பது. ஒடுக்கப்பட்ட மக்களிலிருந்து ஒருவரைத் தனியே பிரித்தெடுத்துப் பதக்கம் குத்தும் அரசியலை, கட்சிகளிலும் அரசாங்கங்களிலும் நாம் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பதக்கம் வாங்கியவரைத் திட்டுவது எளிது. வாசல் ஏன் ஒரே ஆள் நுழையும் அகலத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்பதுதான் வேலை.

பெயர் வைத்தால் போதுமா?

இன்னொரு கேள்வியும் பாக்கி இருக்கிறது. அந்த மரம் அந்த மண்ணுக்குரியது. குவாசியோ சிறுவயதில் கடல்கடந்து வந்தவர். அந்த மரத்தின் கசப்பை, அங்கே காலங்காலமாக வாழ்ந்த பூர்வகுடிகளும் அவர்களோடு பழகிய ஆப்பிரிக்கர்களும் சேர்ந்தே அறிந்திருக்க வேண்டும். கூட்டாக விளைந்த அறிவு ஒருவர் பெயரில் பதிவானது. அந்தப் பெயரும் ஐரோப்பியரின் பதிவேட்டில்தான் ஏறியது. மலபாரிலும் இதேதான். வான் ரீட் தொகுத்த 'ஹோர்த்துஸ் மலபாரிகுஸ்' 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அச்சானது. அதற்குத் தாவர அறிவைத் தந்தவர்களில் முதன்மையானவர் ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன். அவருடைய 1675ஆம் ஆண்டுச் சான்றுரை முதல் தொகுதியிலேயே இருக்கிறது. லின்னேயஸ் அந்த நூலைப் பெரிதும் பயன்படுத்தினார். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட ஒரு குடியின் பச்சிலை அறிவு, உலகத் தாவரவியலின் அடித்தளத்தில் ஒரு கல்லாகக் கிடக்கிறது.

இது முடிந்துபோன கதையும் அல்ல. பிரான்சின் அரசு ஆராய்ச்சி நிறுவனமான ஐ.ஆர்.டி., பிரெஞ்சு கயானா மக்களிடம் மலேரியாவுக்கான வீட்டு வைத்தியங்களைக் கேட்டறிந்தது. அதன்வழி குவாசியா அமாராவிலிருந்து சிமலிகாலாக்டோன் ஈ என்ற வேதிப்பொருளைப் பிரித்தெடுத்து, காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. 2015இல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் அதை வழங்கியது. சொல்லிக்கொடுத்த மக்களுக்கு அதில் பங்கு இல்லை. பிரான்ஸ் லிபர்த்தே என்ற அறக்கட்டளை எதிர்ப்பு மனு தாக்கல் செய்து, 2016இல் இதை அம்பலப்படுத்தியது. சர்ச்சை வெடித்தபின், பயனைப் பகிர்ந்துகொள்ள ஆயத்தம் என்று நிறுவனம் அறிவித்தது. 1761இல் ஒரு மரத்துண்டு கப்பலேறியபோது கேட்கப்படாத கேள்வி, 250 ஆண்டுக்குப் பிறகு கேட்கப்பட்டது. கேட்பதற்கு ஆள் இருந்ததால் பதிலும் வந்தது.

மாணவ நண்பர்களுக்கு இறுதியாக ஒன்று சொல்கிறோம். மருத்துவ வரலாறு படிக்கும்போது மருந்தைக் கண்டவர் யார் என்பதோடு நிற்காதீர்கள். மருந்து யாருடைய வயிற்றுக்குப் போனது, யாருடைய வாய்க்கு முகமூடி போனது, யாருடைய கருப்பையின் அறிவு ஏட்டில் ஏறவில்லை என்று மூன்றையும் கேளுங்கள். உங்கள் ஊரில் பிரசவம் பார்த்த மூதாட்டிகள் இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறார்கள். அவர்கள் பெயரை, பெற்றோர் பெயரை, எந்தெந்த வீட்டுப் பிள்ளைகளை எடுத்தார்கள் என்பதை, அந்த வீடுகளில் எந்த வாசல் வழியாக அவர்களை உள்ளே விட்டார்கள் என்பதை எழுதி வையுங்கள். எழுதியதை அவர்களுக்கே படித்துக் காட்டி, அச்சிடச் சம்மதம் கேளுங்கள். சரமகாக்கள் தங்கள் வரலாற்றை 200 ஆண்டுகள் நாவிலேயே காத்து வைத்திருந்தார்கள். நம்மிடம் தாளும் பேனாவும் இருக்கின்றன.